பஸ் விலகிய ஒரு வினாடி

எங்கள் டபுள் கெப் வண்டிக்கு ஒரு குணம். சிக்னலில் பச்சை விழுந்ததும் எக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு வினாடி சும்மா நிற்கும். டர்போ சுற்றி வேகம் எடுத்த பிறகுதான் பாயும். அதற்குள் பின்னால் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

இன்று காலை மனைவியோடு கொட்டாஞ்சேனை கராஜுக்குப் போனேன், அந்தச் சுணக்கத்தைக் குறைக்கப் பெடலுக்கு ஒரு சின்ன எலக்ட்ரோனிக் பெட்டி பூட்ட.

"பூட்டலாம் அண்ணே, மிதிச்சதும் கெதியா கேக்கும். ஆனா டர்போ சுத்தி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கத்தான் செய்யும்" என்றார் மெக்கானிக்.

"வேண்டாமப்பா" என்றாள் மனைவி என்னிடம். "வெள்ளவத்தை சிக்னல்ல எப்பவும் என்ர பக்கம் ஒரு பஸ் மறைச்சுக்கொண்டு நிக்கும். பச்சை விழ பஸ் பாஞ்சிடும், நாங்கள் நிப்பம். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கடல் தெரியிறது."

மூன்று வருடமாக அதே வழியில்தான் இருவரும் வேலைக்குப் போகிறோம். எனக்குக் கேட்டதெல்லாம் ஹோர்ன்தான்.

பெட்டி பூட்டவில்லை.

திரும்பி வரும்போது அதே சிக்னலில் நின்றோம்; இப்போது கடல் என் பக்கம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் கையகலக் கடல் மினுங்கிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. நான் மிதிக்கவேயில்லை.

இன்று வெள்ளவத்தையில் எனக்கு ஹோர்ன் அடித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பிழை டர்போவில் இல்லை.