ரெண்டாவது மிஸ்டு கால்

இந்த நாட்டில் யாருக்கும் மிஸ்டு கால் கொடுக்க முடியாது. ஃபின்லாந்துக்கு வந்த புதிதில், பஸ் ஏறிவிட்டேன் என்று தெரிவிக்க, கூட வேலை பார்க்கும் ஐனோவுக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்தேன். உடனே திருப்பிக் கூப்பிட்டு, "அன்டேக்சி, அன்டேக்சி" என்று மன்னிப்புக் கேட்டாள். என்ன ஆயிற்று என்று பதறினாள். ஒன்றும் ஆகவில்லை, கிளம்பிவிட்டேன், அதைச் சொல்லத்தான் என்றேன். "சொல்வதற்கா, நான் எடுப்பதற்குள் வைத்தாய்?" என்று கேட்டாள். அட போங்கப்பா என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நம்ம பக்கம் இதையெல்லாம் விளக்கவா செய்கிறோம்? அம்மா போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்வந்த நாட்களில், ஒரு மணி அடித்தால் 'வா' என்று அர்த்தம்; அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போவார். அடுத்தடுத்து ரெண்டு மணி அடித்தால் 'வராதே'. மலையில் மழை, இங்கேயே தங்குறேன், சௌக்கியம். அப்பா எடுத்த வண்டியைத் திரும்ப நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவார். நான் இங்கே வந்தபிறகும் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ரெண்டு மணி அடிப்பாள். எல்லாரும் நல்லாருக்கோம், நீ வர வேண்டியதில்லை.

இங்கே என் சோலியும் கிட்டத்தட்ட அதுதான். வெப்ஹூக் என்பார்கள். எங்கோ ஒன்று நடந்தால் அந்தச் சேதி தானாக வந்து எங்கள் கதவைத் தட்டும். தட்டியதும், பல ஊர்களில் கிடக்கும் எங்கள் கணினிகளில் சும்மா இருக்கும் ஒன்று வேலையை எடுத்துச் செய்யும். எந்தத் தட்டலுக்கு எந்த வேலை என்று எழுதி வைப்பவன் நான். நெட்வொர்க் கோளாறில் ஒரே சேதி ரெண்டு தடவை வருவதுண்டு. ரெண்டாவதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். ரெண்டாவதற்கு வேறு அர்த்தம் இருக்க வாய்ப்பே இல்லையா என்று ஐனோ கேட்டாள். தலையை ஆட்டினேன். "இது ஆமாவா, இல்லையா?" என்றாள். இல்லவே இல்லை என்றேன்.

அக்காவைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். யானை இறங்கினால் தோட்டத்தில் நிற்பவள் வாய் திறக்க முடியாது, போனில் ஒரு அமுக்கு அமுக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஒரு நம்பர் வாங்கி, அவள் மிஸ்டு கால் கொடுத்தால் மாமாவுக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும்படி செய்துகொடுத்தேன். ஆபீசில் எழுதிய விதிகளை அப்படியே எடுத்து ஒட்டினேன். இப்போது மாற்றிவிட்டேன். ஆனால் போன மாதம் அது அப்படியேதான் இருந்தது.

மதியம் மூன்றரை மணிக்கே இங்கே இருட்டிவிட்டது. ஊரில் பொழுது சாய்ந்து வாடைக்காற்று அடிக்கிற நேரம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையோரத்தில் அக்காவின் நம்பர் வந்தது. எல்லாருக்கும் மணி அடித்தாயிற்று. சரி, மாமா வெடியும் டார்ச்சுமாகக் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி விழுந்தது: மறுபடி வந்த சேதி, விடப்பட்டது.

அக்கா ரெண்டாவது மணி அடித்திருக்கிறாள். வராதே என்கிறாள். அப்படியென்றால் யானை அவர் வரும் பாதையிலேயே நிற்கிறது.

வெளியே ஓடிவந்து மாமாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"என்னா மாப்ளே, வண்டில போய்க்கிட்டிருக்கேன்..."

"போகாதீங்க மாமா! அக்கா ரெண்டாவது அடிச்சுட்டா!"

"எனக்கு ஒண்ணுதானப்பா வந்துச்சு?"

"ரெண்டு மாமா, ரெண்டு! வெரசா நிப்பாட்டுங்க!"

வண்டிச் சத்தம் நின்றது. அப்புறம் மடமடவென்று எதுவோ ஒடிகிற சத்தம் கேட்டது.

"பேசாத," என்று மூச்சுவிடுகிற மாதிரி சொன்னார். "புளியமரத்துக்கிட்ட நிக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ஐனோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்தேன். ஏன் எதற்கென்று கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றாள். பேசாமல் நிற்பதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது, லைன் அறுந்துபோனது. திருப்பிக் கூப்பிடவும் பயம். அங்கே மணி அடித்தால் அதுவே அவருக்கு எமன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்த எழவெடுத்த ஊரில் எனக்கென்ன வேலை என்று அழுகை அழுகையாக வந்தது.

போன் அடித்தது. அக்கா. ஒரு மணியோடு நின்றுவிட்டது.

ஒரு மணி என்றால் வா. இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு 'வா' என்று அடித்ததே இல்லை. ஒரு தங்கச்சியோ தம்பியோ தூரதேசத்தில் இருந்தால் எதற்கு 'வா' என்பார்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி அடித்தது. ஒரே ஒரு மணி, நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐனோவும் குனிந்து உட்கார்ந்தாள்.

"திருப்பிக் கூப்பிட வேண்டாமா?"

"வேண்டாம். சொல்லிவிட்டார்கள்."

"என்ன சொன்னார்கள்?"

"வீட்டுக்கு வர வேண்டாம் என்று."

என் தோளில் கை வைத்து, "அன்டேக்சி" என்றாள்.