முள் பின்னால் போகும் பெட்டி

என் வாழ்க்கையில் நான் முழுமையாக நம்பிய பெட்டி ஒன்றே ஒன்று. அதற்கு லிமிட்டர் என்று பெயர். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது கொழும்பில் விட்டுப்போன சாமான்களில் ஒன்று அது. நான் வேலை பார்த்த வானொலி நிலையத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிறைய வால்வுகள். சூடேறினால் அதன் தலையில் தேநீர்க் கோப்பையை வைத்து ஆறாமல் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

அதன் வேலையைச் சொல்வது சுலபம். பாடுகிறவர் குரலை உயர்த்தினால் பெட்டி அதை அமுக்கும். அவர் ஓய்ந்தால் அமுக்கிய கையை எடுத்துவிடும். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு என்பது சுழலும் தட்டில் ஊசியால் கோடு வெட்டுவது. சத்தம் மிஞ்சினால் ஊசி துள்ளிப் பக்கத்துக் கோட்டில் விழுந்துவிடும். அதோடு தட்டும் போயிற்று, அன்றைய பாட்டும் போயிற்று. ஆகவே உரத்துப் பேசுகிறவனை அடக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. உலகத்தின் மற்ற இடங்களில் இந்த வேலையைப் பொலிசும் மனைவிமாரும் செய்தார்கள். எங்கள் நிலையத்தில் பெட்டி செய்தது.

பெட்டியின் முகப்பில், கண்ணாடிக்குள் ஒரு முள் இருந்தது. மற்ற மீற்றர்களில் சத்தம் கூடினால் முள் முன்னால் போகும். இதில் பின்னால் போகும். ‘இவ்வளவு அமுக்கியிருக்கிறேன்’ என்று பெட்டி காட்டுகிற அடையாளம் அது. இதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு மானம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கருவிகள்தான். சொந்தக்காரரைப் பற்றி எனக்கு எந்த நாளும் விளக்கம் குறைவு.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். வட்டையில் நெல்லும் களரியில் கூத்தும் அங்கே ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. கூத்தைப் பழக்கி, தலைமை தாங்கிப் பாடுகிறவர் அண்ணாவியார். அவருடைய மதிப்பு அவர் குரல் எட்டும் தூரம். ஞானம், சுருதி எல்லாம் பிறகு. எங்கள் அண்ணாவியார் என் தாயின் தமையன், அதாவது என் மாமா. அவர் பாட்டை எடுத்தால் அக்கரையில் வலை இழுக்கிறவன் கையை நிறுத்துவான் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைப் பெரும்பாலும் சொல்லித் திரிந்தவரும் மாமாதான்.

என் அப்பா அவருக்குப் பிற்பாட்டுக்காரர். அண்ணாவியார் ஒரு அடியைப் பாடி முடித்ததும் அதைத் திருப்பிப் பாடுவது பிற்பாட்டு. அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பிற்பாட்டு அண்ணாவியாரின் குரலுக்கு ஒரு விரற்கடை கீழேதான் நிற்கவேண்டும். மேலே ஏறினால் அதைப் பாட்டில் விட்ட பிழையாக யாரும் எடுக்கமாட்டார்கள். மரியாதையில் விட்ட பிழையாகவே எடுப்பார்கள். அப்பா இருபது வருடம் பாடியும் அந்தப் பிழையைச் செய்ததில்லை. மத்தளமும் சல்லரியும் சதங்கையும் சேர்ந்து போடுகிற சத்தத்துக்குள் அவர் பாடுகிறாரா, வெற்றிலை மெல்லுகிறாரா என்பது பெற்ற பிள்ளையான எனக்கே தெரியாது.

மாமாவுக்கு ஒரு மகள். அவளைத்தான் கட்டுவது என்று நானும் அவளும் எப்போதோ முடிவு செய்திருந்தோம். அம்மாவுக்குச் சம்மதம், மாமிக்கும் சம்மதம். முறையும் பொருந்திய மச்சாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டுகிறவன்தான் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவேண்டும். ஆகவே மாமாவின் வாய் திறக்காமல் அந்தப் படலை எனக்குத் திறக்காது. அவர் திறந்தார். ஆனால் திறந்த வாய் வேறு விசளம் பேசியது.

“கொழும்பில ரேடியோவில வேல செய்றாய். ஆர் ஆரோவெல்லாம் அதில பாடுறானுகள். என்ட குரல் ஒருநாளும் கேக்கல்ல. முதல்ல அதச் செய். மறுகா கலியாணத்தக் கதைப்பம், மருமகன்.”

எனக்கு அவள் வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை. கொழும்புக்குத் திரும்பி, கிழக்கின் கூத்துப் பாட்டைப் பதிவு செய்யாவிட்டால் நிலையத்தின் மானமே போய்விடும் என்று பெரிய எஞ்சினியரின் காதில் மூன்று மாதம் ஓதினேன். கடைசியில் ஒலிப்பதிவு வண்டியும், பெட்டியும், மூன்று வெற்றுத் தட்டுகளும் தந்தார். கூடவே தானும் வந்தார். வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையைக் கண்டதும் எஞ்சினியர் மட்டக்களப்பு வாடிவீட்டிலேயே தங்கிவிட்டார். எல்லாப் பொறுப்பும் என் தலையில். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை நண்பகல். ஜெனறேற்றரை இரண்டு வளவு தள்ளி வைத்தேன். மத்தளத்தையும் சல்லரியையும் அறையின் மூலைக்கு அனுப்பினேன். மாமாவை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, அப்பாவை அவருக்குப் பின்னால் நிறுத்தினேன். யன்னல்களில் ஊர் தொங்கியது. மச்சாள் தாயோடு கிணற்றடியில் நின்று, எனக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவள் போல வேறெங்கோ பார்த்தாள்.

“இது என்னத்துக்கு?” மாமா பெட்டியைக் காட்டினார்.

“கூடின சத்தத்த அமத்துற பெட்டி, மாமா.”

“ஆருட சத்தத்த?”

அறையில் சத்தமுள்ளவர் ஒருவர்தான். பெட்டி இல்லாமலே பாடுவேன் என்று அவர் ஒரே பிடியாய் நின்றார். பெட்டியைக் கழற்றிவிட்டு வெட்டினேன். முதல் அடியின் நடுவிலேயே ஊசி துள்ளியது. ஒரு தட்டு போயிற்று. தன் குரல் இரும்பை உதைத்துத் தள்ளியதில் மாமாவுக்குப் பெரிய சந்தோசம். பிறகு, இரும்பின் மீது இரக்கப்பட்டவர் போல, பெட்டியைத் திரும்ப மாட்டச் சம்மதித்தார்.

இரண்டாவது தட்டு. அந்த முள்ளை மாமா பார்க்கும்படி பெட்டியை வைத்தது என் மடத்தனம். அவர் பாட்டை எடுத்தார், முள் பின்னால் போனது. அவர் முகம் கறுத்தது. தன்னைக் கண்டு முள் பின்வாங்குகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், அவர் குணத்துக்கு அது பொருந்தியும் இருக்கும். அவரோ தன் குரல் குறைகிறது என்று நினைத்தார். இன்னும் கூட்டிப் பாடினார். முள் இன்னும் பின்னால் போனது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்க, காலால் தரையை உதைத்து, அவர் அந்த முள்ளோடு நாலு நிமிடம் மல்லுக்கட்டினார். பெட்டி பதறவில்லை. அவர் கொடுத்த ஒவ்வொரு பலத்தையும் வாங்கி அமுக்கி, அளவாகத் தட்டுக்கு அனுப்பியது. கருவி என்றால் இதுவல்லவா கருவி என்று நான் உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

புதிதாக வெட்டிய தட்டைப் போட்டுக் கேட்கக் கூடாது. ஊசி பட்டால் தேயும். ஆனால் கேளாமல் போக ஊர் தயாராக இல்லை. போட்டேன்.

மாமாவின் குரல் வந்தது. குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி வந்தது. ஒரு சொல்லும் சிதையவில்லை. வாவியைக் கடக்கிற குரல் அது என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். அடி முடிந்தது. மாமா ஓய்ந்தார். பெட்டி அமுக்கிய கையை எடுத்தது. அந்த இடைவெளியில் இன்னொரு குரல் அதே உயரத்தில் எழுந்து, அதே அடியைத் திருப்பிப் பாடியது. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சுருதியில் அப்படியொரு நிலை. வார்த்தையின் கடைசியை இழுத்து விடுகிற விதத்தில் ஒரு துயரம். மாமா பாடியபோது அந்த அடியின் பொருளை நான் கவனித்ததேயில்லை. அப்போதுதான் கவனித்தேன்.

“இது ஆரு?” என்று யன்னலில் ஒருவர் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. சல்லரிக்காரர்தான் அப்பாவைக் கையால் காட்டினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு பெண்குரல் கேட்டது: “மறுகா ஒருக்காப் போடுங்ககா, அந்தப் பின்னால பாடுறவர!”

அந்த ஒரு சொல்லில் என் கலியாணம் கிணற்றுக்குள் விழுந்தது.

“மச்சான், ஏன் கத்தினீங்க?” என்றார் மாமா, அப்பாவைப் பார்த்து.

“நான் எப்பவும் போலத்தான் பாடினன், அண்ணாவியார்.”

அது உண்மை. நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். பெரிய சத்தம் ஓய்ந்ததும் பெட்டி விட்டுக்கொடுக்கும், அதனால் சின்னச் சத்தம் பெரிதாகத் தெரியும், அப்பாமேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

“அப்ப பெட்டி பொய் சொல்லுதா? உள்ளத உள்ளபடி பிடிக்கிற சாமான் எண்டு நீதானே காயிதம் போட்டாய்?”

போட்டிருந்தேன். படித்தவனுக்குத் தன் கடிதத்தைவிடப் பெரிய எதிரி இல்லை.

“இந்தத் தட்டு கொழும்புக்குப் போகப்படா,” என்றார் மாமா. “போனா நீ என்ட வாசல் மிதிக்கப்படா.”

ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. அதை வெட்டாமல், காதுக்கருவியில் மட்டும் கேட்டு, அப்பாவை இரண்டு பாகத் தூரம் பின்னால் நிறுத்திச் சோதித்தேன். பிறகு வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். எங்கே நிறுத்தினாலும், மாமா ஓய்ந்த கணத்தில் பெட்டி அவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. அமுக்கிய கையை எடுக்கும் வேகத்தைக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருகினால் அப்பாவின் குரல் பாதியாகும். மாமாவுக்கு அந்தப் பாதியும் கூடத்தான். இரண்டு மனிதரின் குரலை ஒரே அளவாக்குவதில் அந்தப் பெட்டி காட்டிய பிடிவாதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எந்த அரசியல்வாதியிடமும் கண்டதில்லை.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“நான் வாய மட்டும் அசைக்கிறன், மனே.”

“பிற்பாட்டு?”

“அத அண்ணாவியாரே பாடட்டும். அவருக்கு மூச்சுக் கிடக்கு. நான் நிண்டாச் சரிதானே, ஆக்களுக்கு.” கிணற்றடிப் பக்கம் தலையைக் காட்டி, “அந்தப் புள்ள காத்துக்கொண்டு நிக்குது,” என்றார்.

‘வேண்டாம்’ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கவேண்டும். “சரி அப்பா” என்றேன். எவ்வளவு சுறுக்காகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மூன்றாவது தட்டை வெட்டினேன். மாமா தானே பாடி, தனக்குத் தானே பிற்பாட்டும் பாடினார். கூத்துத் தெரிந்தவன் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். பின்னால் அப்பா நின்றார். சரியான இடத்தில் வாயைத் திறந்தார், சரியான இடத்தில் மூடினார். ஒரு அடிகூடப் பிசகவில்லை. மீற்றரைப் பார்க்கவேண்டிய நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

தட்டு கொழும்புக்குப் போனது. பெரிய எஞ்சினியர் கேட்டுவிட்டு, ஒலிச் சமநிலை அபாரம் என்று என் முதுகில் தட்டினார். ஒலிபரப்பான அன்று சங்கக் கடை ரேடியோவுக்கு முன்னால் ஊரே கூடியதாம். மாமா கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக வந்திருக்கலாம் என்றாராம். கூட்டத்தில் ஒருவர் அப்பாவிடம், “உங்கட பாட்டும் நல்லாக் கேட்டிச்சு,” என்றாராம். அப்பாவும் ஓம் என்றாராம். அடுத்த ஆவணியில் கலியாணம் நடந்தது. மச்சாளோடு நான் நல்லாகத்தான் வாழ்ந்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பதிவு முடிந்த அன்று, வண்டியில் சாமான் ஏற்றுமுன் செய்யவேண்டிய கடமை ஒன்று இருந்தது. கழித்த தட்டுகளை ஆணியால் குறுக்கே கீறவேண்டும், பிறகு யாரும் அவற்றைப் போட்டுக் கேட்கமுடியாதபடி. நிலையத்தின் சட்டம். ஊசி துள்ளிய முதல் தட்டைக் கீறினேன். இரண்டாவதை எடுத்தபோது, வயர் சுற்றிக்கொண்டிருந்த அப்பா கிட்ட வந்தார்.

“அதில நான் கிடக்கிறனா, மனே?”

“ஓம் அப்பா.”

“சனத்திட இரைச்சலில எனக்குச் சரியாக் கேக்கல்ல. ஒருக்காப் போட ஏலுமா?”

வாசலில் மாமா நின்றார். பெண்ணையும் படலையையும் தர மனம் வந்துவிட்ட மாமா.

“ஜெனறேற்றர நிப்பாட்டிற்றாங்க, அப்பா,” என்றேன். திரும்பவும் முடுக்க ஒரு நிமிடம் போதும்.

“அப்பிடியெண்டாக் கிடக்கட்டும்,” என்றார்.

மேசைமேல் தட்டை வைத்து ஆணியை அழுத்தினேன். தட்டு வழுக்கியது. அது நகராதபடி விளிம்பை இரண்டு கையாலும் அப்பாதான் பிடித்துக்கொண்டார்.