பின்னல் ஆலையில் நான் சொன்ன பதில்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட நான்தான் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இரண்டு துப்புரவு கம்பனிகளையும் ஒரு கல்யாண மண்டபத்தையும் உண்டாக்கினேன். முடியாது என்று சிரித்தவர்கள் இன்று அந்த மண்டபத்தில்தான் பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைக்கிறார்கள். நேற்று மழையில் நனைந்த கம்பளிச் சட்டையைக் கழற்றியபோது எழுந்த வாடை, இன்று மாடிவீடுகள் நிற்கும் இடத்திலிருந்த பின்னல் ஆலைக்கு என்னை இழுத்துப்போனது: நீராவியில் வேகும் நூல், காலடியில் அதிரும் தரை, ஊசிகளின் ஓயாத சடசடப்பு, பள்ளி விட்டதும் அம்மாவுக்காக டேனிஷ் பேசப் போகும் பதின்மூன்று வயது நான்.

இலங்கையில் ஒப்பந்தம் வந்து போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன வாரம் அது. நிரந்தர வேலை இருக்கிறது, அம்மா நிற்பாரா, ஊருக்குப் போவாரா என்று மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டார்.

அம்மா யோசிக்கவேயில்லை. "போறம் எண்டு சொல்லடா. அப்பா அங்க தனிய."

எனக்குத் திரும்பிப்போக விருப்பமில்லை. அம்மா நிற்பார் என்று டேனிஷில் சொன்னேன். மேற்பார்வையாளர் கைகுலுக்கியதை விடைகொடுப்பதாக நினைத்து அம்மா அழுதார்.

திங்கட்கிழமை கடைசிச் சம்பளம் வாங்கப் போனால், ஒரு இயந்திரத்தில் அம்மாவின் பெயர் ஒட்டியிருந்தது.

"என்னடா இது?"

"இவர் உங்கள விடமாட்டன் எண்டு நிக்கிறார், அம்மா."

சில மாதங்களில் ஊரில் மறுபடி சண்டை. அந்த வேலையைக் காட்டித்தான் அப்பாவை அழைத்தோம். அம்மாவின் பின்னால்தான் மற்றத் தமிழரும் ஆலைக்குள் வந்தார்கள்.

இப்போது வந்திருக்கும் நகர வரலாற்றுப் புத்தகம், அதெல்லாம் மேற்பார்வையாளரின் தூரநோக்கு என்கிறது. அந்தப் பதிலைச் சொன்னவன் நான். அடுத்த பதிப்பில் என் பெயர் வரவேண்டும். இன்றுவரை இதை அறியாத அம்மா, வாசித்துவிட்டு ஏசினால் ஏசட்டும்.