சவரிமுத்துவுக்கு அப்பா தேடினேன்

செத்துப்போனவர்களுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். பி.ஏ. முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, அந்தக் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து மடிப்பு கிழிந்த பிறகு கிடைத்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

மேற்கு மாம்பலத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் அப்பா, பஞ்சர் ஒட்ட வந்த ஒரு குமாஸ்தாவிடம் சொல்லி வைத்து, மயிலாப்பூர் வக்கீல் ஒருவரிடம் என்னைச் சேர்த்துவிட்டார். சொத்து வழக்குகளுக்கு வம்சாவளி எடுக்க வேண்டும். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் வக்கீல். என் தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டீச்சர் வந்தார்

பிலோமினா டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில், பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். வீடு அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தோணிமுத்து வாங்கியது. அந்தோணிமுத்துவின் மூத்த மகன் வழியில் வந்தவர் ஆரோக்கியசாமி, அசோக் நகரில் குடியிருப்பவர். இளைய மகன் சவரிமுத்து வழியில் வந்தவர் டீச்சர். ஆரோக்கியசாமி முழு வீட்டையும் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு விற்கப் பார்த்தார். பாதி என்னுடையது என்று வழக்குப் போட எங்கள் வக்கீலிடம் வந்தார் டீச்சர். டீச்சருடைய தாத்தா சவரிமுத்து, அந்தோணிமுத்துவின் மகனே இல்லை, வீட்டோடு வளர்ந்த பையன் என்று கேள்வி என்றார் ஆரோக்கியசாமி. ஆனால் அதற்கு அவரிடமும் காகிதம் இல்லை.

டீச்சருக்கு வேறு வீடு கிடையாது. சவரிமுத்து அந்தோணிமுத்துவின் மகன் என்று காட்டினால் அவர் அங்கே இருக்கலாம். இல்லையென்றால் வெளியே போக வேண்டும். என்ன ஆதாரம் இருக்கிறது என்று வக்கீல் கேட்டதற்கு டீச்சர் குடையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"எங்க தாத்தா அவரை அப்பான்னுதான் கூப்பிட்டாராம் சார். வேற யாரைப் போய் அப்பான்னு கூப்பிடுவாங்க?"

தலைக்கணக்கு

முதலில் ஜனத்தொகைக் கணக்கு அலுவலகத்துக்குப் போனேன். எழுபத்தொன்றில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் என் பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் அந்தக் காலத்திலும் சவரிமுத்துவின் பெயரை ஒருவர் எழுதியிருப்பார், அது எங்கேயாவது ஒரு பீரோவில் இருக்கும் என்று நம்பினேன். படித்தவன் என்பதால் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு குமாஸ்தா பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சென்னையில் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வீடு. பெயர் ஒன்றுகூட இல்லை. வீட்டு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டிப் போட்டதும் கழித்துவிடுவார்களாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சமாதானமாகச் சொன்னார்:

"நாங்க தலையத்தான் எண்ணுவோம் தம்பி. யார் தலைன்னு வச்சுக்கறதில்ல."

நாலு மாடி

கல்லறைத் தோட்டத்தில் கல்லிலாவது 'இன்னாருடைய குமாரன்' என்று வெட்டியிருப்பார்கள் என்று இரண்டு நாள் வெயிலில் குனிந்து குனிந்து படித்தேன். டீச்சரின் குடும்பக் கல்லறை கிடைத்தது. ஆனால் மேலே இருந்த கல் டீச்சருடைய அம்மாவின் கல். ஒருவரைப் புதைத்துப் பல வருஷம் ஆன பிறகு அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பது வழக்கமாம். பழைய கல் என்னவாகும் என்று குழி வெட்டுபவரிடம் கேட்டேன். நொச்சிக்குப்பத்துக்காரர். உடைந்து போகும், யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார். சவரிமுத்து இதற்குள்தானே இருக்கிறார், வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்று விடாமல் கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே குழியில நாலு பேரு கீறாங்க சார். உன் ஆளு எந்த மாடியில கீறாருன்னு நான் இன்னாத்த கண்டேன்?"

பத்திரம்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அந்தோணிமுத்து வீடு வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. கிழக்கே இருந்த கிணறு, மேற்கே இருந்த வண்டிப் பாதை எல்லாம் அதில் இருந்தன. தென்னை மரங்களைக்கூட எண்ணி எழுதியிருந்தார்கள். அந்தோணிமுத்துவும் அவர் வாரிசுகளும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. வாரிசுகள் எத்தனை பேர், யார் யார் என்பது மட்டும் இல்லை. நகல் எழுதிக் கொடுத்தவர் என்னைத் தேற்றினார்:

"அதையும் எழுதியிருந்தா உங்களுக்கு ஏது சார் வேலை?"

ஒரே வரி

மிச்சம் இருந்தது டீச்சர் குடும்பத்தின் மாதா கோயில். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். கையெழுத்துப் போட்ட நகல் அவர் வந்த பிறகுதான், இப்போது வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து வந்தார். மற்றக் குடும்பங்களின் விஷயம் வெளியாள் கண்ணில் படக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. அவர் பக்கத்தைத் தேடி எடுத்து, மேலே ஒரு வெள்ளைத் தாள், கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்து மூடி, நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் எனக்குக் காட்டினார்.

நீளக் கோடு போட்ட கட்டங்கள். தேதி. அடுத்த கட்டத்தில் சவரிமுத்து. அடுத்ததில் ஒரு சின்னக் கோடு. அதற்கடுத்ததில் அந்தோணிமுத்து. பிறகு சாமியார் கையெழுத்து. பேனாவில் எழுதக்கூடாது என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. அந்தச் சின்னக் கோடு எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உபதேசியார் புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப ஜாக்கிரதையான பிள்ளையா இருக்கீங்க தம்பி."

பின்கட்டு

ஓட்டமும் நடையுமாக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்தார். சமாதானம் பேச வந்திருந்தார். முன்கட்டை மட்டும் விற்றுக்கொள்கிறேன், பின்கட்டு அறையிலும் சமையலறையிலும் அக்கா ஆயுள் முழுக்க இருக்கட்டும், எழுதித் தருகிறேன், வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றார். டீச்சர் பாதி சம்மதித்துவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பென்சில் தாளைக் காட்டினேன். அந்தோணிமுத்துவின் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, இவர்தான் அப்பா, கோயில் புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன். டீச்சர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே முன்னறைக்குப் போனார். அதுவரை அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

"என் வீட்டுல எனக்கு இடம் குடுக்க நீ யாருடா?"

நகல்

நான் கொண்டுவந்ததை நம்பி வக்கீல் கோர்ட்டில் கொடுத்த ஆவணப் பட்டியலில் ஞானஸ்நானப் பதிவையும் சேர்த்திருந்தார், நகல் பின்னால் வரும் என்று. பட்டியலைப் பார்த்த எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்கவில்லை. சாமியார் ஊர் திரும்பியதும் எங்களுக்கு முந்தி அவரே நகல் வாங்கிவிட்டார். அது அச்சடித்த படிவத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு உண்டு. குழந்தையின் பெயர்: சவரிமுத்து. பெற்றோர்: தெரியவில்லை. ஞானத்தந்தை: அந்தோணிமுத்து.

ஞானத்தந்தை என்று ஒருவர் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவராம். யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தைக்கு அந்தோணிமுத்து அப்படி நின்றிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்திருக்கிறார். பிள்ளையும் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறது. சட்டத்தில் அதற்குப் பங்கு கிடையாது. இத்தனை நாள் ஆரோக்கியசாமி கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நான்தான் காகிதம் தேடிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டங்களின் தலைப்பு அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் எழுதியிருந்ததாம். வக்கீல் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்யா, ஒரு புஸ்தகத்தைக் கையில வாங்கிண்டா மொதல் பக்கத்தைப் புரட்டணும்னு உமக்கு யாருமே சொல்லித் தரலையா?"

அசோக் நகர்

வழக்கு இனி நிற்காது என்று ஆனதும், வக்கீலிடம் சொல்லாமல் ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது, டீச்சர் என்னை நம்பித்தான் அப்படிப் பேசினார், அந்தப் பின்கட்டை மட்டும் பழையபடி கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். வாங்குபவர் இப்போது முழு வீடும் வேண்டும் என்கிறார், கையெழுத்து ஆகிவிட்டது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நீ யாருடான்னு அக்கா என்னைக் கேட்டாங்க. அதையே நான் திருப்பிக் கேக்காம இருக்கேனே, அது போதாதா சார்?"

கடைசியாக ஒரு தேடல்

டீச்சர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நானும் போய் நின்றேன். கிண்டியில் தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் அறை பார்த்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவகையில் அதற்காகத்தான் போனேன். அவர் பாத்திரக் கூடையை என் கையில் கொடுத்து, அடியில் கண்ணாடி டம்ளர் இருக்கிறது, பார்த்து வையுங்கள் என்றார். வண்டி கிளம்பும் முன் ஒன்று கேட்டார். அப்படியென்றால் தாத்தாவைப் பெற்ற அப்பா யார், அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று.

முடியாது டீச்சர், அதற்கு எங்கேயும் எழுத்து இருக்காது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அன்னிக்குப் பார்த்துட்டு வந்து தப்பாச் சொன்னீங்க. இன்னிக்குப் பார்க்காமலே சரியாச் சொல்றீங்க."

அந்த ஆபீசில் நான் வேலை பார்த்த ஆறு மாதத்தில், துளி சந்தேகத்துக்கும் இடமில்லாமல் நிரூபித்துக் கொடுத்த ஒரே வம்சாவளி சவரிமுத்துவினுடையதுதான், அதுவும் எதிராளிக்கு.