பாலாடையில் வேப்பெண்ணெய்

எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் மொத்தமே ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அந்த ஓர் அறைக்குள் கட்டில், டிவி, நான்கு மாதக் குழந்தையின் தொட்டில், மீதி இடம் முழுக்க என் செடிகள். வெளியே இறங்கினால் பீர்மேடு முழுக்கப் பச்சை, இவளுக்கு வீட்டுக்குள்ளும் பச்சை வேண்டுமாம் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெளியே இருக்கிற பச்சை தேயிலைக் கம்பெனியுடையது. என் மணி பிளான்டும் குரோட்டனும் என்னுடையவை.

அந்த ஜனவரியில் குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று பகல் முழுக்க ஹீட்டர் போட்டு வைத்தோம். அறைக் காற்று வறண்டுபோனது. கொஞ்ச நாளில் குரோட்டன் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் வந்தன. இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படை, அதில் நகர்கிற தூசி. என் கணவர் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு சூப்பர்வைசர். ஓர் இலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தார்.

"ரெட் ஸ்பைடர். பீல்டுல தேயிலையத் திங்குற அதே சனியன்."

"அப்ப உங்க சட்டையில ஏறித்தான் வந்திருக்கு."

"அந்தச் சட்டையத் தொவைக்குறது யாராம்?"

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். மறுநாள் அவர் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தேயிலைக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தார். பால் மாதிரி வெள்ளை. எனக்கு ஆத்திரம் வந்தது.

"மூக்குல துணியக் கட்டிட்டு அடிக்கிற மருந்து இது. இந்தப் புள்ளைக்கு யாரு துணி கட்டிவிடுறது?"

"ரெண்டு மணி நேரம் வெளிய உக்காந்தா ஆச்சு. பெருசாப் பேசாத."

"அந்த பாட்டில் இங்க இருந்தா நானும் புள்ளையும் இருக்க மாட்டோம். யோசிச்சுக்கங்க."

பாட்டிலை எஸ்டேட் ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் அவருக்கும் பிடிவாதத்தில் மட்டும் நல்ல பொருத்தம்.

போனில் தேடித் தேடிப் படித்ததில் வேப்பெண்ணெய் போதும் என்று தெரிந்தது. அதைச் செடிக்கு எப்படி அடிப்பது என்பதோடு, குழந்தையின் வாயில் பட்டுவிடக் கூடாது என்பதையும் அங்கேதான் படித்தேன். இந்த மலைக் குளிரில் வேம்பு வளராது. கம்பத்தில் இருக்கிற என் கணவரின் அக்காவுக்கு போன் போட்டேன். குழந்தையைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"மதினி, வரும்போது செக்குல ஆட்டுன வேப்பெண்ணெ ஒரு பாட்டில் கொண்டு வாங்க. செடிக்கு."

"செடிக்கா? நல்லா கேட்ட போ" என்று சிரித்தார். ஆனாலும் குமுளி பஸ்ஸில் மடியிலேயே வைத்து அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தார். தாய் இல்லாத வீட்டில் என் கணவரைத் தூக்கி வளர்த்தவர் மதினிதான். அவர் ஒரு சொல் சொன்னால் இந்த வீட்டில் மறு சொல் கிடையாது. எனக்குமே அப்படித்தான் பழக்கம்.

காலையில் பார்த்தால் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடந்தது. அடுப்பில் காட்டினால் அதன் வீரியம் கெட்டுவிடும். ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி பாட்டிலை அதில் நிறுத்தி இளக்கினேன். ஒரு லிட்டர் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு, அதை நன்றாகக் கலக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெய். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், இலையில் திட்டாக உட்கார்ந்து கருக்கிவிடும். ஒரே ஓர் இலையில் மட்டும் அடித்துவிட்டு ஒரு நாள் விட்டேன். செடிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியாமல் முழுக்க அடிக்கக் கூடாது. ஒரு தடவை அடித்தாலும் போதாது. முட்டை பொரித்துப் புதிதாக வரும், வாராவாரம் அடிக்க வேண்டும்.

மதினி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அன்று சளி பிடித்திருந்தது.

"புள்ள மூக்கு ஒழுகிட்டுக் கெடக்கு. இவ எலைக்கு வைத்தியம் பாக்குறா" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் அந்த இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் இறங்கியதும் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்வாசலுக்குத் தூக்கினேன். குழந்தை மூச்சுவிடுகிற அறைக்குள் அடிப்பதாக இல்லை. இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி முடித்து, இளக வைத்திருந்த எண்ணெயை எடுக்க அடுப்படிக்குள் வந்தேன். சட்டியில் தண்ணீர் இருந்தது. பாட்டில் இல்லை.

அறைக்குள் வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மதினி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நீட்டிய காலின்மேல் குழந்தையைக் கிடத்தியிருந்தார். இடது கை அவன் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்திருந்தது. வலது கையில் அவனுக்கு மருந்து புகட்டும் பாலாடை. பாட்டில் பக்கத்தில் திறந்திருந்தது.

"என்ன மதினி அது?"

"சளி கட்டியிருக்குல்ல. ரெண்டு சொட்டு உள்ள போனா எல்லாம் அத்துரும்."

"வேணாம் மதினி. குடுக்காதீங்க."

"உம்புருசன் கொண்டாந்தத வெசம்னு வெரட்டுனியாமே? இது வெசமில்லன்னுதான என்னையக் கொண்டாரச் சொன்ன?"

அவர் சொன்னது நான் செய்ததுதான். அதற்குள் பாலாடையின் மூக்கு அவன் உதட்டுக்குப் போய்விட்டது. ஓங்கி அவர் கையைத் தட்டினேன். பாலாடை கட்டிலுக்கடியில் உருண்டது. எண்ணெய் அவர் சேலையில் கொட்டியது. குழந்தை வீறிட்டான்.

"முன்னாடியே ஊத்துனீங்களா? சொல்லுங்க மதினி, ஊத்துனீங்களா?"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பிடுங்கித் தூக்கி அவன் வாய்க்குள் மோந்து பார்த்தேன். நாக்கு, அண்ணம், உதடு. பால் வாடை மட்டும்தான். மறுபடியும் மோந்தேன். பால்தான். அவன் வாயைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

மதினி எழுந்து தன் பையை இழுத்தார். மடித்து வைத்திருந்த சேலைகளை அள்ளி உள்ளே திணித்தார்.

"உம்புருசனுக்குச் சோறு ஊட்டுன கைடி இது. அதையே தட்டிவிட்டுட்ட. நான் என்ன புள்ளையக் கொல்லவா வந்தேன்?"

எனக்கும் நிதானம் போய்விட்டது. மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்பதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்று குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டக் கூடாது. வாந்தி வரும். எழுப்ப முடியாத தூக்கம் வரும். மூச்சு வாங்கும். கைகால் இழுப்பு வரும். உயிருக்கே ஆபத்து.

பையில் திணித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இழுப்பா?"

"ஆமா. இங்க போட்டிருக்கு."

"மொதல்ல இருந்து படி."

படித்தேன். இந்தத் தடவை சத்தமாகப் படிக்க முடியவில்லை. மதினி பையை விட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பையன்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து கைக்குழந்தையாகவே போய்விட்டது என்று என் கணவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எப்படிப் போனது என்று சொன்ன அவருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை.

"வாந்திதான் எடுத்துச்சு மொதல்ல" என்றார் மதினி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அப்பறம் நல்லாத் தூங்குச்சு. சளி எறங்கிருச்சு, புள்ள அசந்து தூங்குதுன்னு நெனச்சேன். சந்தோசமா போயி சோறு வடிச்சேன். விடியக்குள்ள இழுத்துச்சு. காத்துக்கருப்புன்னாக."

குழந்தையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதையாவது சொல்லி அவரை அதிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"அது வேற நோவா இருக்கும் மதினி. இல்ல, கடையில எதாச்சும் கலப்பட எண்ணெயக் குடுத்திருப்பான்."

மதினி தலையை ஆட்டினார்.

"கடையில எங்க வாங்குனேன்? எங்க வாசல் மரத்து வேப்பமுத்துதான். புள்ளைக்குன்னு நாந்தான் ஒவ்வொண்ணாப் பொறுக்குனேன்."