மூன்றாம் கொப்பரையின் பொட்டு

சாந்தாமேரியைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவன் நான். வாயாலேயே வடை சுடுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த எங்கள் சந்தன எண்ணெய் ஆலைக்கு எண்பத்தெட்டாம் வருஷம் டிவி மாதிரி ஒரு திரை வந்தது. எண்ணெய் வடிக்கும் மூன்று கொப்பரைகளின் ஆவி அழுத்தத்தையும் அது மூன்று பச்சைப் பட்டைகளாகக் காட்டும். அழுத்தம் கூடினால் பட்டை உயரும். அளவு காட்டும் எண்ணும் பட்டையின் தலையில் உட்கார்ந்து கூடவே ஏறும். உச்சியிலுள்ள கோட்டைத் தொட்டால் ஆபத்து. திரை வந்த ஜோரில், மேலிடத்து மகாராசர்கள் கொப்பரைகளில் இருந்த பழைய முள் மீட்டர்களைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். இனி திரைதான் எல்லாம் என்றார்கள்.

திரையைக் கவனிக்க டைப்பிங் தெரிந்த ஆள் வேண்டுமென்று சந்தவாசலிலிருந்து சாந்தாமேரியை எடுத்தார்கள். வேதக்காரப் பெண், அதிலும் கல்யாணமாகாதவள். சும்மா விடுவார்களா? அவள் நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. அதனால் யார் வம்புக்கும் போகாமல் இருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. ஆலை ஓடவில்லை. பெருக்குகிற மங்கம்மாள் தராசிலிருந்து திரை வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தாள். அவள் புருஷன் கருப்பனுக்கு மூன்றாம் கொப்பரையில் வேலை. தினமும் திரையின் கண்ணாடியைத் துடைப்பவள் ஆயிற்றே, மூன்றாவது பட்டையின் உச்சி எந்த இடத்தில் வரும் என்று அவளுக்கு அத்துப்படி. மற்ற இரண்டு பட்டைகளுக்கும் அடியில் சின்னப் பொட்டு வைத்தவள், அங்கே மட்டும் அடை மாதிரி அப்பினாள்.

"எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆலை ஓடியது. சாந்தாமேரி மேஸ்திரி ராஜவேலுவிடம் போனாள். "சார், அந்தப் பொட்டு மறைக்குது. எடுத்துடட்டுமா?"

"அது சாமி விஷயம். உனுக்கு இன்னாத்துக்கு? தானா உதிரும், போம்மா."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். எடைச் சீட்டு வாங்கப் போன நான் அவள் பக்கத்தில் நின்றேன். முதல் இரண்டு பட்டைகளும் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தன. மூன்றாவது மட்டும் பொட்டுக்கடியில் போய் மறைந்து அப்படியே நின்றது.

"அண்ணே, அது அசையவே மாட்டேங்குது பாருங்க. கருப்பண்ணன் எங்க?"

ஜன்னல் வழியாகக் கீழே முற்றத்தை எட்டிப் பார்த்தேன். கருப்பன் மூன்றாம் கொப்பரையின் மூடியருகே நின்று பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கை திரைவரை போயிற்று, திரும்பிற்று. அறை வாசலில் மங்கம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாந்தாமேரி "மாதாவே" என்று முணுமுணுத்தாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டிப் பொட்டை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

பொட்டு இருந்த இடத்தில் பட்டை கோட்டைத் தாண்டியிருந்தது.

ஆவியை நிறுத்தும் பொத்தானில் ஓங்கி அடித்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். "கருப்பண்ணே, ஓடுங்க! வுட்டுட்டு ஓடுங்க!"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்த மங்கம்மாள் அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள். "அடிப்பாவி, பொட்ட அழிச்சிட்டியேடி! எந்தாலிய அறுக்கப் பாக்குறியா?"

நான் விலக்குவதற்குள் கீழே டமார் என்றது. கொப்பரை மூடி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஆவி கூரை வரை சீறியது. முற்றமே தெரியவில்லை. மங்கம்மாள் கொண்டையை விடாமலேயே ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

ஆவி விலகியது. வேப்பமரத்தடியில் கருப்பன் உட்கார்ந்திருந்தான். ஒரு செருப்பைக் காணோம். ஆள் முழுசாக இருந்தான்.

மங்கம்மாளின் கை தளர்ந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்தாள். தன் முந்தானையால் மற்ற இரண்டு பட்டைகளின் பொட்டையும் அழுத்தித் துடைத்தாள். சாந்தாமேரியின் கலைந்த கொண்டையை அவளே முடிந்துவிட்டாள்.

"எங்கனா இன்னும் ஒட்டினு கீதா, நல்லா பாரும்மா."