மாமி வீட்டு இரட்டைக்குழல்

பாலிகஞ்சில் இருக்கும் மாமி, மறைந்த கணவரின் இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்கப்போவதாகச் சொன்னார். லைசென்ஸ் மாமி பெயருக்கு மாறியிருந்தும் வைத்துக்கொள்ளப் பயம். வாங்கிவிடும் ஆசையோடு போனேன்.

குழல்களை மட்டும் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, மறுகை விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு குழல்களையும் ஒட்டவைத்த பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். இதுவோ கோயில் மணிபோல் நின்று அதிர்ந்தது.

காபியோடு வந்த மாமி அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தொடைச்சு முடிச்சதும் அவர் இப்படித்தான் தட்டுவார். நான் கிச்சன்லேர்ந்து கேப்பேன். அவர் போனப்புறம் இன்னிக்குத்தான் கேக்கறேன்."

மாமி விலை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எப்படித் தொங்கவிட்டுத் தட்டுவது என்று மாமிக்குச் செய்துகாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அவ்வளவு நல்ல துப்பாக்கியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.